பின்கதவு ரோஜா

கந்தம்பட்டி பைபாஸ் ஓரம் தகரக் கொட்டகை.
நான் லாரிக்குப் பூ வைப்பவன்.

ஒரு ரோஜாவுக்குப் பதினோரு இழுப்பு.
முதலில் கருஞ்சிவப்பில் ஒரு வட்டம்,
அது காயுமுன் வெள்ளை தொட்ட தூரிகையால்
பிறை பிறையாக இதழ்.
இலை மூன்று. எப்போதும் மூன்று.
பனித்துளி வேண்டுமென்றால் ஐம்பது ரூபாய் கூட.

எங்கே பிடித்தேன் இந்தப் பூவை?
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய டிரங்குப் பெட்டி மூடியில்.
பெட்டி செய்தவன் பிடித்தது
ஏதோ பிஸ்கட் டப்பாவிலாம்.
டப்பாவுக்கு எந்தக் கப்பலில் வந்ததோ.
பெயரும் அப்படித்தான்,
யாரோ கடலோடியின் வாயிலிருந்து உதிர்ந்ததை
நாம் பொறுக்கி வைத்துக்கொண்டோம்.

ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை,
எதிரெதிர் நின்றால் தும்பை, வென்றால் வாகை.
பள்ளிக்கூடத்தில் படித்ததில் இது மட்டும் தங்கிவிட்டது.
ரோஜா சூடி எவனும் போருக்குப் போகவில்லை.
ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இந்தூருக்குப் போகிறவர்கள்
போகிறார்கள்.

"அர்த்தனாரி, இது ரோஜாவா முட்டைக்கோஸா?"
குமரகிரி டிரான்ஸ்போர்ட் ஓனர் கேட்டார்
போன மே மாதம்.
பட்டறையே சிரித்தது.
காசு கொடுத்து பனித்துளி வைக்கச் சொன்ன
கிளீனர் லோகு மட்டும் சிரிக்கவில்லை.
அது அவன் காசு, ஓனர் காசில்லை.

மறுநாள் ஏற்காடு பஸ் ஏறினேன்.
இருபது கொண்டை ஊசி, இரண்டு எலுமிச்சம்பழம்.
கோடை விழா.
கார்னேஷனில் கோபுரம், செவ்வந்தியில் யானை,
பூவைப் பூவாக விட யாருக்கும் மனசில்லை.
ரோஜாத் தோட்டத்தில் குனிந்து
ஒன்றை எண்ணினேன்.
முப்பத்தொன்றாவது இதழில் காவலாளி விசில் ஊதினார்.
உள்ளே இன்னும் இருந்தது.
ஓர் இதழில் புழு தின்ற ஓட்டை.
நான் ஓட்டை போட்டதே இல்லை.

மழை வந்து ஒதுங்கிய இடம்
வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம்.
முழங்கால் உயரத்தில் ஒரு கல்,
காப்பித் தோட்டத்துரையின் பெண் குழந்தையாம்,
மேலே ஒரு மொட்டு.
பார்த்ததும் தெரிந்தது எனக்கு:
வெட்டியவன் ரோஜாவைப் பார்த்ததில்லை.
தாரமங்கலத்து விதானத்தில் தாமரை வெட்டிப் பழகிய கை,
இதழெல்லாம் நுனி கூர்ந்து நிற்கிறது.
முள்ளை மட்டும்
யாரோ சொல்லிக்கேட்டு நாலு வைத்திருக்கிறான்.
தண்டு பாதியில் ஒடிந்திருந்தது.
"உளி வழுக்கிடுச்சு போல" என்றேன்.
புல் அறுத்துக்கொண்டிருந்த எஸ்தர்
நிமிராமலே சொன்னாள்:
"சின்னதுங்க செத்தா அப்படித்தான் வெட்டுவாங்க."

இறங்கி வந்தும்
அதே பதினோரு இழுப்புதான் வந்தது.
முப்பத்தொரு இதழுக்கு யார் காசு தருவார்?

ஐப்பசியில் தொப்பூர் இறக்கம்.
பின்னால் வந்த சிமெண்ட் வண்டிக்குப் பிரேக் இல்லை.
டயருக்குக் கட்டை வைக்க இறங்கியிருந்தான் லோகு.
பத்தொன்பது வயது.
ஓட்டிய மாதையன் பட்டறை வாசலில் உட்கார்ந்து
பீடியைப் பற்றவைக்காமல் வைத்திருந்தான்.

பின்கதவைக் கொண்டுவந்து போட்டார்கள்.
தகரம் கசங்கி, மடிந்து,
ஒன்றுக்குள் ஒன்றாக என் ரோஜா.
சொல்லக் கூசுகிறது,
அன்றுதான் அது ரோஜா மாதிரி இருந்தது.
உள்ளே உள்ளே போகும் சிவப்பு,
விளிம்பு சுருண்ட இதழ்,
வர்ணம் உரிந்த ஓர் ஓட்டை.
நான் எண்ணவில்லை.

டிங்கர் தஸ்தகீர் இரண்டு நாள் அடித்தார்.
தகரம் தகரமானது.
பட்டி பார்த்து, தேய்த்து, மஞ்சள் பூசி
என்னிடம் விட்டார்கள்.
வட்டம். பிறை. இலை மூன்று.

டெலிவரி எடுக்க வந்த ஓனர்
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"என்னப்பா, தண்டு ஒடிஞ்சிருக்கு?"
"கை வழுக்கிடுச்சுங்க."
ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டு
மீதியை எண்ணிக் கொடுத்தார்.
வண்டி இந்தூருக்குப் போயிருக்கிறது.